முதுகு வளைந்திருக்கிறதாம்! வலிக்குக் காரணம் அதுதானா?

(நமது மும்பை பகுதிநேர நிருபர்)

"உங்கள் முதுகெலும்பு வளைந்திருக்கிறது."

டாக்டர் சொன்னவை மூன்றே சொற்கள். அந்த மூன்று சொற்கள் இரண்டு மாத காலம் என்னை ஆட்டிப் படைத்துவிட்டன.

தாராவிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ரெயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா நான். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. வீடு கல்யாணில். இடுப்பு வலி, முதுகு வலி என்று சொல்லாத ஆள் எங்கள் ஆபீசில் கிடையாது. எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும். போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம் மின்சார ரெயிலில் நின்றபடி பயணம். வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம்!

ஆனால் 2022-ம் ஆண்டு மழைக்காலத்தில் எனக்கு வந்த வலி போகவே இல்லை. இடுப்புக்கு நேர் பின்னால் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். மாத்திரை போட்டால் அன்றைக்கு அடங்கும். மறுநாள் மீண்டும் தலைகாட்டும். இப்படியே மூன்று மாதம் ஓடியது.

ரெயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் லீவு போய்விடுமே என்று கணக்குப் பார்த்தேன். வீட்டருகே ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்தேன். அதனுடன் வந்த அறிக்கையில் "லேசான ஸ்கோலியோசிஸ்" என்று போட்டிருந்தது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்போது சொன்னவைதான் அந்த மூன்று சொற்கள். "வலிக்கு இதுதான் காரணம். பெல்ட் போடுங்கள். பாரம் தூக்காதீர்கள். வளைவு அதிகமானால் ஆபரேஷன்கூட தேவைப்படலாம்" என்றும் கூறினார். என் முதுகை அவர் தொட்டுப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

பயம் செய்த வேலை

அன்றே 900 ரூபாய் கொடுத்து இடுப்பு பெல்ட் வாங்கினேன். அதைக் கட்டிக்கொண்டுதான் கவுண்ட்டரில் உட்கார்ந்தேன். என் மகளுக்கு அப்போது 4 வயது. டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனதும் கையை நீட்டிக்கொண்டு ஓடி வருவாள். "அப்பா தூக்கக் கூடாதும்மா" என்று விலகிப் போனேன். தண்ணீர்க் குடங்களை என் மனைவி ஒருத்தியே சுமந்தாள். பொங்கலுக்கு ஊருக்குப் போக எடுத்திருந்த டிக்கெட்டையும் ரத்து செய்தேன்.

இரவில் தூக்கம் வராது. வளைவு அதிகமாகிக்கொண்டே போனால் என்ன ஆகும்? நடக்க முடியாமல் போய்விடுமா? வேலை போய்விட்டால் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு யார் பணம் அனுப்புவது? இப்படி நினைக்க நினைக்க வலி இன்னும் கூடியது.

ஒருநாள் என் மனைவிதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஏங்க, எலும்பு மூணு மாசத்திலயா வளைஞ்சிருக்கும்? முன்னாடியே வளைஞ்சிருந்தா, அப்பல்லாம் ஏன் வலிக்கலை?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு ரெயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பெட்டிக்குள் கிடந்த பழைய படம்

அங்கு எலும்பு டாக்டர் ஒரு மராட்டிக்காரர். இருவரும் இந்தியில்தான் பேசிக்கொண்டோம். அவர் முதலில் படத்தைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னார். தோள்கள் இரண்டும் சமமாக இருக்கின்றனவா, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பின்னால் நின்று பார்த்தார். பிறகு கைகளைச் சேர்த்துக்கொண்டு முன்னால் குனியச் சொன்னார். வளைவோடு எலும்பு திருகியும் இருந்தால், குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரியுமாம். வில்லியம் ஆடம்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர் 1865-ல் சொன்ன சோதனை இது. இன்றும் இதைத்தான் செய்கிறார்கள்.

அப்புறம் படுக்க வைத்து, கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கால் பெருவிரலில் பலம் இருக்கிறதா என்று சோதித்தார். முழங்காலில் சுத்தியலால் தட்டினார். இரண்டு கால்களும் ஒரே நீளமா என்று டேப் வைத்து அளந்தார். காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, இரவில் வலி எழுப்புகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று வரிசையாகக் கேட்டார்.

எல்லாவற்றுக்கும் பிறகு, "பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கிறதா?" என்றார்.

நினைவு வந்தது. 2011-ல் சிறுநீரகக் கல்லுக்காக வயிற்றுப் படம் எடுத்திருந்தேன். வீட்டில் டிரங்குப் பெட்டியின் அடியில் அது கிடந்தது. அடுத்த முறை கொண்டுபோனேன். வயிற்றுப் படத்தில் இடுப்புப் பகுதி எலும்பும் தெரியும் அல்லவா? இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்கே காட்டினார்.

அதே வளைவு! 11 ஆண்டுகளுக்கு முன்பு, முதுகு வலி என்றால் என்னவென்றே தெரியாத வயதில், அதே இடத்தில் அதே வளைவு!

"இத்தனை வருஷமாக இந்த வளைவோடுதான் நடந்தீர்கள், ஓடினீர்கள். அப்போது வலி இல்லை. வலி மூன்று மாதமாகத்தான். அப்படியானால் வளைவின் மேல் பழி போடுவது எப்படி நியாயம்?" என்று கேட்டார்.

என் மனைவி கேட்டதும் இதையேதான்!

ஸ்கோலியோசிஸ் என்றால் என்ன?

டாக்டர் எனக்கு விளக்கிக் கூறியதாவது:-

முதுகெலும்பைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் எல்லோருக்கும் வளைவு உண்டு. பின்னால் இருந்து பார்க்கும்போதுதான் அது நேராகத் தெரிய வேண்டும். அப்படி இல்லாமல் இடமாகவோ வலமாகவோ வளைந்து, கூடவே சற்றுத் திருகியும் இருந்தால் அதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர்.

எவ்வளவு வளைவு என்பதை டிகிரியில் அளப்பார்கள். ஜான் காப் என்ற அமெரிக்க டாக்டர் 1948-ல் வகுத்த முறை இது. 10 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ். அதற்குக் கீழே இருந்தால் அது நோய்க் கணக்கில் வராது. அளக்க வேண்டிய படத்தை நின்றபடி எடுக்க வேண்டும். படுத்தபடி எடுத்தால் வளைவு குறைத்துக் காட்டலாம். ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலும் 5 டிகிரி வரை வித்தியாசம் வரலாம்.

இன்னொன்றும் உண்டு. முதுகுத் தசை பிடித்துக்கொண்டால் உடம்பு தானாகவே ஒரு பக்கம் சாயும். அதுவும் படத்தில் வளைவாகத் தெரியும். பிடிப்பு விட்டதும் வளைவும் போய்விடும். ஒரு கால் சற்றுக் குட்டையாக இருந்தாலும் இடுப்பு சாய்ந்து முதுகு வளையும். அங்கே வலியால் வளைவு வந்ததா, வளைவால் வலி வந்ததா என்று பார்க்க வேண்டும்.

இவ்வாறு டாக்டர் கூறினார்.

என்னை நிற்க வைத்துப் புதிதாகப் படம் எடுத்தார்கள். 12 டிகிரி. ஆகவே முதல் அறிக்கை பொய் அல்ல. லேசான ஸ்கோலியோசிஸ் எனக்கு இருப்பது உண்மை. "வலிக்கு அதுதான் காரணம்" என்று அவசரப்பட்டு முடிச்சுப் போட்டதுதான் தவறு.

வளர்ச்சி நின்ற பிறகு 30 டிகிரிக்குக் குறைவான வளைவு பெரும்பாலும் அதிகமாவதில்லை. 50 டிகிரிக்கு மேல் போன வளைவுதான் வயதான பிறகும் கூடக்கூடியது. பெரிய வளைவாலும், முதுமையில் எலும்பு தேய்ந்து உண்டாகும் வளைவாலும் வலி வருவது உண்டு. அதை மறுக்க முடியாது. என் 12 டிகிரி அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

உலகின் அதிவேக மனிதர் உசேன் போல்ட்டை எல்லோருக்கும் தெரியும். 2009-ல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியவர். தனக்கு ஸ்கோலியோசிஸ் இருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். முதுகுத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளைச் செய்துதான் அவர் ஓடினார்.

படத்தில் தெரிவதெல்லாம் நோயா?

வளைவு மட்டும் அல்ல. "டிஸ்க் தேய்ந்துவிட்டது", "டிஸ்க் பிதுங்கி இருக்கிறது" என்ற அறிக்கைகளையும் நம்மவர்கள் பலர் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. வலி இல்லாத 30 வயதுக்காரர்களில் 100-க்கு 52 பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 50 வயதில் 100-க்கு 80 பேருக்கு இருந்தது. தலைமுடி நரைப்பது போலத்தான் இதுவும்!

அப்படியானால் என் வலிக்கு என்ன காரணம்? 10 பேருக்கு இடுப்பு வலி வந்தால் சுமார் 9 பேருக்கு "இந்த எலும்பு, இந்த நரம்பு" என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை. அசைவு இல்லாமல் உட்கார்ந்தே இருப்பதும், பலவீனப்பட்ட தசையும், பயமும் சேர்ந்து வலியை வளர்க்கின்றன என்று சொன்னார். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்.

கவுண்ட்டரில் என் பணப்பெட்டி வலது பக்கம் இருந்தது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை அந்தப் பக்கம் திரும்புவேன். அதை நேர் எதிரே மாற்றிக்கொண்டேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்றேன். தினமும் அரை மணி நேரம் நடந்தேன். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி இறக்கும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார்கள். அதையும் விடாமல் செய்தேன். ஆறு வாரத்தில் வலி குறைந்தது. மூன்று மாதத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் படி ஏறினேன். வலி அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். எப்போதாவது வரும். வந்தால் பயப்படுவதில்லை.

அதன் பிறகு, 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டியை வெளியிட்டது. உடற்பயிற்சியும், நோயைப் பற்றிய விளக்கமும் வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. இடுப்பு பெல்ட், இழுவை சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது. 2020-ல் உலகம் முழுவதும் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் அவதிப்பட்டதாக அந்த நிறுவனம் கூறுகிறது.

நான் செய்த தவறு

இத்துடன் கட்டுரையை முடித்தால் நான் பெரிய புத்திசாலி போல் தோன்றும். நடந்தது வேறு.

தாராவியில் இருந்து தினமும் காலையில் எங்கள் ஸ்டேஷன் பக்கம் இட்லி கொண்டுவரும் அண்ணாச்சி ஒருவர் உண்டு. திருநெல்வேலிச் சீமை. 50 வயதைத் தாண்டியவர். அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். 2022 டிசம்பரில் ஒருநாள் அவர் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"தம்பி, எனக்கும் ஒங்களுக்கு வந்த அந்த வளைவுதானாம். எக்ஸ்ரேயில போட்டிருக்கு."

நான்தான் எல்லாம் தெரிந்தவன் ஆயிற்றே! "அண்ணாச்சி, வளைவு ஒண்ணும் செய்யாது. நான் வேலை பார்க்கலையா? நல்லா நடங்க. சரியாப் போயிரும்" என்றேன். அவரும் நம்பினார்.

இரண்டு மாதம் கழித்து இட்லி வருவது நின்றுவிட்டது. அவருடைய மகன் வந்து சொன்னான். இரவில் புரண்டு படுக்க முடியவில்லையாம். சாயங்காலம் ஆனால் உடம்பு கனகனவென்று இருக்கிறதாம். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "காய்ச்சல் உண்டா? எடை குறைந்ததா? இரவில் வலி எழுப்புகிறதா?" என்று டாக்டர் என்னிடம் கேட்டாரே, அதில் ஒன்றையாவது நான் அண்ணாச்சியிடம் கேட்டேனா? இல்லை!

மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி மூலம் எலும்பில் இருந்து மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். முதுகெலும்பில் காசநோய் என்று தெரிந்தது. ஆரம்பக் கட்டத்தில் இந்த நோய் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாமாம். தசை இறுகியதால் முதுகு சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வைத்தான் "வளைவு" என்று எழுதிவிட்டார்கள். வளைவு என்ற சொல் கிடைத்ததும், மேற்கொண்டு யாரும் தேடவில்லை. தேட வேண்டாம் என்று நானும் சொல்லிவிட்டேன்!

இன்னும் தாமதித்திருந்தால் கால்கள் விழுந்திருக்கலாம் என்றார்கள். 12 மாதம் மாத்திரை சாப்பிட்டார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. மருந்து முழுவதும் இலவசம். சத்துணவுக்காக அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்தது. அந்தத் தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. "காசநோய்" என்றதும் அக்கம்பக்கத்தார் பயந்தார்கள். முதுகெலும்பில் மட்டும் இருக்கும் காசநோய் மற்றவர்களுக்குத் தொற்றாது. நுரையீரலிலும் இருக்கிறதா என்பதை டாக்டர்கள் முதலிலேயே பார்த்துவிடுவார்கள்.

"நீங்க என்ன செய்வீய தம்பி, அவியளே வளைவுன்னுதான எழுதிக் குடுத்தாவ" என்று அண்ணாச்சி எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் இன்றும் என்னைக் குத்துகிறது.

டாக்டரிடம் என்ன கேட்பது?

அறிக்கையில் "ஸ்கோலியோசிஸ்" என்று இருந்தால் பதற வேண்டாம். அலட்சியமும் வேண்டாம். டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. எத்தனை டிகிரி வளைவு?

2. படம் நின்றபடி எடுத்ததா, படுத்தபடி எடுத்ததா?

3. இது நிரந்தர வளைவா, தசைப் பிடிப்பால் வந்த சாய்வா? கால்களின் நீளம் சமமாக இருக்கிறதா?

4. எனக்கு வலிக்கும் இடத்துக்கும் இந்த வளைவுக்கும் சம்பந்தம் உண்டா?

5. வேறு காரணம் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டீர்களா?

பழைய படங்களைத் தூக்கி எறியாதீர்கள். கையோடு கொண்டு போங்கள். திருப்தி இல்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் காட்டுவதில் தவறே இல்லை.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது:

* சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நின்றுபோவது. தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

* காலில் பலம் குறைந்துகொண்டே வருவது.

* காய்ச்சல், எடை குறைவு, இரவில் தூங்கவிடாத வலி.

* முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக முதுகு வலி வருவது. கீழே விழுந்த பின் வரும் கடும் வலி.

* 45 வயதுக்கு முன்பே ஆரம்பித்து மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி. காலையில் முதுகு மரக்கட்டை போல் இறுகி, நடமாடிய பிறகு இளகுவது. இது மூட்டு வாத வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

வளரும் பிள்ளைகள் விஷயம் வேறு. வளரும் பருவத்தில் 100 பேரில் 2 அல்லது 3 பேருக்கு ஸ்கோலியோசிஸ் வருகிறது. பெரிய வளைவு பெண் குழந்தைகளுக்கே அதிகம். வளர வளர வளைவும் கூடலாம். பிள்ளையின் ஒரு தோள் உயர்ந்திருந்தாலோ, குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தாலோ உடனே காட்டுங்கள். 25 முதல் 40 டிகிரி வரை வளைந்த பிள்ளைகளுக்கு வளர்ச்சி நிற்கும்வரை உடம்போடு ஒட்டிய கவசம் கொடுப்பார்கள். கடையில் விற்கும் இடுப்பு பெல்ட் அல்ல அது. கவசம் அணிந்தவர்களில் 100-க்கு 72 பேருக்கு வளைவு ஆபரேஷன் அளவுக்குப் போகாமல் நின்றது என்று 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அணியாதவர்களில் 48 பேருக்குத்தான் அப்படி நின்றது.

நான் டாக்டர் அல்ல. டிக்கெட் கொடுப்பவன். எனவே வைத்தியம் சொல்ல வரவில்லை. கேள்வி கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். அந்தக் கேள்வியை டாக்டரிடம் கேளுங்கள். கவுண்ட்டரில் இருப்பவனிடம் கேட்காதீர்கள்!

அண்ணாச்சி மறுபடியும் இட்லி கொண்டுவருகிறார். பாத்திரத்தை இப்போது மகன் சுமக்கிறான். கூலிக்காரரோ, குமாஸ்தாவோ, யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால் இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே அவர் கேட்கிறார்:

"எத்தனை டிகிரின்னு கேட்டியளா? சாயங்காலம் காய்ச்சல் அடிக்கா?"